ரேஷன் அட்டை: முதலில் பழைய அட்டையில் பேரை எடுங்கள், அப்புறம் புதுசுக்கு எழுதுங்கள்

கல்யாணமான முதல் வருடம் நானும் மனைவியும் ரேஷன் அட்டை இல்லாமல்தான் குடித்தனம் நடத்தினோம். என் பேர் அம்மா வீட்டு அட்டையில் இருந்தது, மாசா மாசம் அரிசி வாங்கினதும் அம்மா நமக்கென்று கொஞ்சம் அளந்து கொடுத்துவிடும், இதில் என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன். ஏப்ரல் 15 வந்தது, படகைக் கட்டிப் போட்டோம், ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்தத் தடைக்கால நிவாரணம் ஆளுக்கு ஒன்று கிடையாது, குடும்ப அட்டைக்கு ஒன்று. அப்பா அட்டைக்கு வந்தது, எங்களுக்கு வரவில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, சோம்பேறித்தனம் என்னுடையது. இன்றைக்கு அந்தத் தொகை 8,000 ரூபாய். கடலுக்குப் போகாத இரண்டு மாசத்தில் 8,000 என்றால் என்ன என்று கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் அட்டையை வாங்க நான் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதை வைத்து, எங்கள் தெருவில் பதினொரு வீட்டுக்கு என் போனிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் மூன்று திரும்பி வந்து மறுபடியும் எழுதியவை. திரும்பி வந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான், எங்களுக்கும் முதல் தடவை அதே காரணம்தான்: பேர் இன்னொரு அட்டையில் இருந்தது.

அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். புது அட்டையில் யார் யார் பேரைப் போடப் போகிறீர்களோ அவர்கள் பேர் வேறு எந்த அட்டையிலும் இருக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டு அட்டையில் பையன் பேரை எடுக்க வேண்டும், பெண் வீட்டு அட்டையில் பெண் பேரை எடுக்க வேண்டும், இரண்டும். நாங்கள் என் பேரை மட்டும் எடுத்துவிட்டு எழுதினோம். மனைவிக்குப் பிறந்த ஊர் மூக்கையூர்ப் பக்கம், அந்த அட்டை கடலாடி தாலுகா. அது வேறு தாலுகாதானே, இங்கே எப்படித் தெரியும் என்று என் மாமனார் சொன்னார், நானும் தலையாட்டினேன். எல்லாம் ஆதார் எண்ணில் கோர்த்திருக்கிறது, கடலாடி என்ன கன்னியாகுமரி என்ன, எங்கே இருந்தாலும் தெரிந்துவிடும். ஒரு மாசம் காத்திருந்து பார்த்தால் நிராகரிப்பு.

பேரை எடுப்பது கஷ்டம் இல்லை. ரேஷனுக்கான அரசு தளமான டிஎன்பிடிஎஸ் இணையதளத்தில் பயனாளர் நுழைவு என்று இருக்கும், அதில் அந்த அட்டைக்குப் பதிவு செய்த மொபைல் எண்ணைப் போட்டால் ஓடிபி வரும், உள்ளே போய் குடும்ப உறுப்பினர் நீக்கத்தைத் தேர்ந்தெடுத்து, காரணம் திருமணம் என்று போட்டு, திருமணச் சான்றை ஏற்ற வேண்டும். சிக்கல் எங்கே வரும் என்றால், அந்த மொபைல் எண் யாருடையது என்பதில். பழைய அட்டைகளில் பாதிக்கு, 2017-ல் ஸ்மார்ட் அட்டை கொடுத்தபோது அந்த வீட்டில் யாரிடம் போன் இருந்ததோ அவர்கள் எண்தான் பதிவாகி இருக்கும். எங்கள் மாமனார் அட்டைக்கு மச்சான் எண். மச்சான் அப்போது கொச்சியில் போட்டில் நிற்கிறான், கடலுக்குள் போனால் ஐந்து நாள் டவர் கிடையாது. கரைக்கு வந்து கூப்பிட்டு ஓடிபி சொல்வதற்குள் அது காலாவதி. இதற்கே பத்து நாள் போயிற்று. உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் முதலில் எண்ணை மாற்றுங்கள், தாலுகா ஆபீசில் வழங்கல் பிரிவில் எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருவார்கள்.

இன்னொரு விஷயம், பெரியவர்கள் பேரை எடுக்க விடமாட்டார்கள். பேரை எடுத்தால் அரிசி குறைந்துவிடும் என்று பயம். கணக்கைச் சொல்லுங்கள். சாதாரண அரிசி அட்டைக்கு ஒருவர் இருந்தால் 12 கிலோ, இரண்டு பேர் என்றால் 16, மூன்று பேரும் அதற்கு மேலும் 20 கிலோ. அப்பா, அம்மா, தம்பி என்று மூன்று பெரியவர்கள் அட்டையில் மிச்சம் இருந்தாலே அந்த 20 கிலோ அப்படியே வரும். நீங்கள் இரண்டு பேர் தனியாக வந்தால் உங்களுக்கு 16. மொத்தக் குடும்பத்துக்குக் கூடுமே தவிரக் குறையாது. என் அம்மாவுக்கு நான் இதை விரல் விட்டு எண்ணிக் காட்டின பிறகுதான் அட்டையை எடுத்துக் கொடுத்தது.

சரி, பேர் நீங்கிவிட்டது, நீங்கிய தகவலும் வந்துவிட்டது. அதைச் சேமித்து வையுங்கள், கேட்டால் காட்டலாம். இப்போது புது விண்ணப்பம்.

அதே தளத்தில் மின்னணு அட்டை விண்ணப்பிக்க என்ற இடம். போனிலேயே செய்யலாம், ஆனால் போட்டோவையும் ஆவணங்களையும் ஏற்றுகிற இடத்தில் சின்னப் போன் திணறும், முடியாவிட்டால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். அங்கே போனாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள், அவசரத்தில் அவர்கள் தட்டிவிடுவார்கள், அனுபவிக்கப் போவது நீங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: எல்லோருடைய ஆதார், குடும்பத் தலைவர் போட்டோ ஒன்று, வீட்டு முகவரிக்கு ஏதாவது ஒரு சான்று, கேஸ் இணைப்பு இருந்தால் அந்தப் புத்தகம், குழந்தை இருந்தால் பிறப்புச் சான்று. குழந்தைக்கு ஆதார் எடுக்கவில்லை என்றால் இந்த வேலையோடு அதையும் முடித்துவிடுங்கள், பின்னால் தனியாகப் பேர் சேர்க்க அலைய வேண்டாம்.

குடும்பத் தலைவர் இடத்தில் பெண் பேரைப் போடுங்கள். 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமே வீட்டில் 18 வயது நிரம்பிய மூத்த பெண்தான் தலைவர் என்று சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், நம் பக்கத்தில் ஆம்பிளைகள் பாதி நாள் கடலில், மீதி நாள் வேறு துறைமுகத்தில், அட்டை தொடர்பாக எதற்கும் நின்று பதில் சொல்லப் போவது வீட்டில் இருக்கிற பெண்தான். மகளிர் உரிமைத் தொகைக்கும் அட்டையில் இருக்கிற குடும்பத் தலைவியைத்தான் பார்க்கிறார்கள், ஆண் தலைவராக இருந்தால் அவர் மனைவியைத் தலைவியாக எடுத்துக்கொள்வார்கள்.

பேர் எழுதும்போது ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே. இரண்டு மொழியிலும் கேட்கும். இனிஷியலில்தான் நம் ஆட்கள் மாட்டுவார்கள், ஆதாரில் அப்பா இனிஷியல் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் இனிஷியலைப் போட்டுப் பழகியிருப்பார்கள், விண்ணப்பத்தில் அதைப் போட்டால் இரண்டும் ஒட்டாது. ஆதாரைப் பார்த்து அப்படியே எழுதுங்கள், இனிஷியலை மாற்ற வேண்டும் என்றால் முதலில் ஆதாரை மாற்றிக்கொண்டு வாருங்கள். வேளாங்கண்ணி, சந்தியாகு மாதிரி நீளமான பேர்களில் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டு ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும், அதையும் பாருங்கள்.

தாலுகா தேர்ந்தெடுக்கும் இடத்தில் கவனம். நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், தங்கச்சிமடம் என்றால் இராமேஸ்வரம், தேவிபட்டினம் என்றால் இராமநாதபுரம், தொண்டி என்றால் திருவாடானை. கீழக்கரை தனித் தாலுகாவாகப் பிரிந்துவிட்டது, அந்தப் பக்கத்து ஆட்கள் பழைய நினைப்பில் இராமநாதபுரம் என்று போட்டால் விண்ணப்பம் சம்பந்தம் இல்லாத ஆபீசில் போய் உட்கார்ந்திருக்கும்.

முகவரிச் சான்றுதான் கடற்கரையில் பெரிய தலைவலி. கரண்ட் பில், வீட்டு வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், கேஸ் ரசீது என்று பலதும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள் பெரும்பாலும் அப்பா வீட்டை ஒட்டி ஓலையோ தகரமோ போட்டு இறக்கின ஒரு அறையில்தான் இருப்போம், கரண்ட் அப்பா வீட்டிலிருந்து இழுத்தது, வரி ரசீது கிடையாது, இடம் புறம்போக்காகக்கூட இருக்கும். இதற்கு நாங்கள் செய்தது, ஆதாரில் முகவரியை மாற்றி, அந்த ஆதாரைக் காட்டி மனைவி பேரில் பேங்க் கணக்குத் தொடங்கி, அந்தப் பாஸ்புக்கைச் சான்றாக ஏற்றினோம். கதவு எண்ணில் மட்டும் அப்பா வீட்டு எண்ணோடு ஒரு ‘ஏ’ சேர்த்துக்கொண்டோம். ஒரே கதவு எண்ணில் இரண்டு அட்டை என்றாலே விசாரிக்க வருகிறவர்களுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வரும்.

அட்டை வகை என்று கேட்கும்போது அரிசி அட்டை என்று கொடுங்கள். சர்க்கரை அட்டை என்று தவறிக் கொடுத்தால் அரிசி கிடையாது, அதற்குப் பதிலாகச் சர்க்கரை கூடுதலாக வரும், எந்தப் பொருளும் வேண்டாம் என்று ஒரு வகையும் உண்டு, அது வெறும் அடையாளத்துக்கு. தப்பாகக் கொடுத்துவிட்டால் மாற்றலாம், ஆனால் மறுபடியும் ஒரு அலைச்சல்.

முன்னுரிமை, முன்னுரிமை அற்றது என்று அட்டையில் இருப்பதைப் பற்றி எல்லோரும் என்னிடம் கேட்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். முன்னுரிமை என்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் வருகிற அட்டை. தமிழ்நாட்டில் ஒரு நல்ல விஷயம், எந்த அரிசி அட்டையாக இருந்தாலும் அரிசிக்குக் காசு கிடையாது, 2011 ஜூனிலிருந்து இப்படித்தான். பல மாநிலங்களில் முன்னுரிமைப் பட்டியலில் இல்லை என்றால் கடைப் பக்கமே போக முடியாது, இங்கே அப்படி இல்லை. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் தமிழ்நாடு சேர்ந்தபோதும் இதை விட்டுக் கொடுக்கவில்லை. அதனால் சின்னக் குடும்பத்துக்கு இரண்டு வகைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் முன்னுரிமை அட்டையில் ஆளுக்கு 5 கிலோ கணக்கு, ஐந்து பேர் என்றால் 25, ஆறு பேர் என்றால் 30, அங்கேதான் லாபம். இன்னொன்று, ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் கேரளாவிலோ வேறு மாநிலத்திலோ போய் நிற்கிறவர்கள் அங்கேயே அரிசி வாங்க வேண்டும் என்றால் முன்னுரிமை அட்டையாக இருக்க வேண்டும். குடும்பத்தோடு கேரளா துறைமுகத்துக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அந்தியோதயா வேறு, மிகவும் ஏழ்மையான வீடுகளுக்கான அட்டை அது. அட்டைக்கு 35 கிலோ, ஒருவர் இருந்தாலும் 35தான். புருஷன் கடலில் போய்த் திரும்பாத வீடு, மாற்றுத்திறனாளி, ஆதரவு இல்லாத முதியவர், தீராத நோயாளி என்று இருக்கிற வீடுகள் இதைக் கேட்கலாம். விண்ணப்பத்தில் நீங்களாகத் தேர்ந்தெடுக்க முடியாது, அட்டை வாங்கின பிறகு வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு எழுத வேண்டும், விதவைச் சான்றோ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோ நகல் வைத்து. கார் வைத்திருக்கிற வீடு, வருமான வரி கட்டுகிற வீடு, அரசு வேலையில் ஆள் இருக்கிற வீடு, ஏசி மாட்டின வீடு இவர்களுக்கு முன்னுரிமை கிடையாது.

எல்லாம் போட்டு அனுப்பினால் ஒரு குறிப்பு எண் வரும். போட்டோ எடுத்து வையுங்கள், யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வையுங்கள். கடலில் போன் விழுந்து எண்ணும் போன ஆட்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் விசாரணை. விண்ணப்பம் வட்ட வழங்கல் அலுவலர் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டுக்கு ஒரு மத்தியானம், வெயிலில், டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தார். நான் இல்லை, மனைவி மட்டும். வந்தவர் ஆதாரைப் பார்த்தார், பாஸ்புக்கைப் பார்த்தார், அப்புறம் கேட்டது இதுதான்: “அடுப்பு எங்கம்மா இருக்கு?” தனி அட்டை என்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும், அதைத்தான் பார்க்க வருகிறார்கள். மனைவி பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள், ஓலைச் சாய்ப்புக்குக் கீழே மூன்று கல், கருவேல விறகு, அதில் சாளைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தாராம், எழுதிக்கொண்டாராம், போய்விட்டாராம். அன்றைக்கு என் அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று அடுப்பு பற்ற வைக்காமல் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ. அதனால் விண்ணப்பம் போட்ட பிறகு கொஞ்ச நாளைக்கு உங்கள் வீட்டிலேயே உலை வையுங்கள், சட்டி பானை அரிசிப் பானை எல்லாம் கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும்.

வீடு பூட்டியிருந்தால்தான் பெரிய சிக்கல், ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள், கருவாட்டுக் கொட்டகைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் போன் எண் கொடுத்து வையுங்கள். விசாரணைக்கு வருகிறவர் அல்லது இடையில் ஒரு ஆள் டீ செலவு என்று கேட்டால் கொடுக்காதீர்கள், இணையத்தில் புது அட்டைக்கு எழுதக் கட்டணம் கிடையாது, இ-சேவையில் மட்டும் அவர்கள் சேவைக்கான காசு, அதற்கும் ரசீது உண்டு.

நிலை என்ன என்று தளத்திலேயே குறிப்பு எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அசையாமல் கிடந்தால் 1967-க்குக் கூப்பிடுங்கள், இலவச எண், 1800-425-5901 என்ற எண்ணும் உண்டு. என்னைக் கேட்டால் போனை விட நேரில் போவதுதான் வேலைக்கு ஆகும். மாசத்தில் இரண்டாவது சனிக்கிழமை தாலுகா தோறும் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும், எந்த ஊரில் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள், குறிப்பு எண்ணையும் எல்லா நகலையும் எடுத்துக்கொண்டு போனால் அலுவலர் எதிரிலேயே கணினியில் திறந்து பார்த்துவிடலாம். எங்கள் இரண்டாவது விண்ணப்பம் அப்படித்தான் நகர்ந்தது. அங்கேயும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு.

நிராகரித்தால் காரணம் போட்டிருக்கும். அதைப் படிக்காமல் கோபத்தில் அப்படியே மறுபடியும் எழுதாதீர்கள், அதே காரணத்துக்கு மறுபடியும் திரும்பும்.

அட்டை தயார் என்று மெசேஜ் வந்து அட்டையும் கைக்கு வந்துவிட்டால் கடைக்குப் போகலாம். அரிசி இலவசம், சர்க்கரை கிலோ 25 ரூபாய், துவரம் பருப்பு ஒரு கிலோ 30, பாமாயில் ஒரு லிட்டர் பாக்கெட் 25. பையும் எண்பது நூறு ரூபாய்ச் சில்லறையும் இருந்தால் போதும்.

கைரேகைதான் இனி உங்களுக்கு மாசா மாசம் நடக்கப் போகும் கூத்து. 2020-லிருந்து விரல் வைத்தால்தான் பில். வலை இழுத்து, கயிறு பிடித்து, உப்புத் தண்ணியில் ஊறின கையில் ரேகை எங்கே இருக்கும்? என் மாமியார் பாசி எடுக்கப் போகும், பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக்கொண்டுதான் தண்ணிக்குள் இறங்கும், அப்படியும் விரல் நுனி தேய்ந்து வழவழவென்று இருக்கும். கட்டை விரல் விழாது, ஆள்காட்டி விரல் விழாது, பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முனகுவார்கள். மாமியார் கண்டுபிடித்த வழி, பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்துப் போவது, முந்தின ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுவது, காலையில் நல்ல தண்ணியில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் போவது, கடையில் மோதிர விரலைக் கொடுப்பது. மோதிர விரல் பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. அதுவும் விழாவிட்டால் கண் விழி பார்க்கிற கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். ரேகை விழவில்லை என்பதற்காகப் பொருள் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, அட்டையைப் பார்த்துப் பதிவு செய்துகொண்டு கொடுக்க வேண்டும், அதைச் சண்டை போடாமல் ஆனால் விடாமல் சொல்லுங்கள். கடைக்கே வர முடியாத முதியவர்கள் வேறு ஒருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, உங்கள் வீட்டுப் பெரியவர் பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

முன்னுரிமை, அந்தியோதயா அட்டைக்காரர்கள் வீட்டில் எல்லோரும் ஒரு தடவை கடையில் விரல் வைத்து ஆதாரை உறுதி செய்ய வேண்டும். வெளியூரில் இருக்கிறவர்கள் அங்கேயே பக்கத்து ரேஷன் கடையில் செய்துகொள்ளலாம், இதற்காக ஊருக்கு வர வேண்டாம்.

மீன்வளத் துறைப் பக்கம் போய் உங்கள் புது அட்டை எண்ணையும் பதிந்துவிடுங்கள், அட்டை வந்ததும் நிவாரணம் தானாக வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கணக்கெடுக்கிற நேரத்தில் அட்டை கையில் இருக்க வேண்டும் என்றால் அக்டோபர், நவம்பரிலேயே பேர் நீக்கத்தைத் தொடங்குங்கள், எப்படியும் அந்த மாசங்களில் வாடைக் காற்றில் பாதி நாள் கரையில்தான் கிடப்போம்.

பொருள் வாங்கி வந்த கொஞ்ச நேரத்தில் என்னென்ன வாங்கினீர்கள் என்று போனுக்கு ஒரு மெசேஜ் வரும். அழிக்காமல் படியுங்கள். போன தை மாசம் எங்கள் வீட்டுக்கு வந்த மெசேஜில் பருப்பு ஒரு கிலோ என்று இருந்தது, பையில் பருப்பு இல்லை. கொண்டுபோய்க் காட்டினேன், தவறி அடித்துவிட்டோம் என்று சொல்லி மறுநாள் கொடுத்துவிட்டார்கள்.